ரேடார் செயற்கைக்கோள் தரவிலிருந்து அயனிமண்டலத்தை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 2008 மே 12 அன்று நிகழ்ந்த வென்சுவான் நிலநடுக்கத்திற்குப் பிறகு, ஜப்பானின் ஆலோஸ் செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படங்களைக் கொண்டு நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று பலர் கணக்கிட்டார்கள். அந்தக் குறுக்கீட்டுப் படங்கள் சிலவற்றில், நிலப்பிளவோடு தொடர்பு காட்ட முடியாத திரிபுகள் கலந்திருந்தன. அவை நிலத்தில் தோன்றியவை அல்ல. ரேடார் அலை போய்த் திரும்பிய வழியில், மண்ணுக்குச் சில நூறு கிலோமீட்டர் மேலே இருந்த எலக்ட்ரான் கூட்டம் விட்டுச்சென்ற தடங்கள் அவை. நிலத்தை அளப்பவருக்கு நீக்க வேண்டிய பிழையாக இருக்கும் இந்தத் தடம், மேல் வளிமண்டலத்தை ஆராய்பவருக்கு வேறு எந்தக் கருவியும் இவ்வளவு நுணுக்கமாகத் தராத ஒரு படம். அந்தப் படத்தைப் பிரித்தெடுக்கும் முறையை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. செயற்கைத் துளை ரேடாரின் அடிப்படையும், இரண்டு ரேடார் படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக் குறுக்கீட்டுப் படம் உருவாக்கும் பழக்கமும் வாசகருக்கு ஓரளவு உண்டு என்று கொள்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய இயற்பியல்

சூரியனின் புற ஊதாக் கதிர்கள் வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிப்பதால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1,000 கிலோமீட்டர் வரை அயனிமண்டலம் பரவியிருக்கிறது. அதன் அடர்த்தி பொதுவாக 300 முதல் 350 கிலோமீட்டர் உயரத்தையொட்டி உச்சம் அடைகிறது. ரேடார் செயற்கைக்கோள்கள் 600 முதல் 750 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், அவை அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் இந்த அடர்ந்த பகுதியை இறங்கும்போது ஒரு முறையும் ஏறும்போது ஒரு முறையுமாக இருமுறை கடக்கிறது.

எலக்ட்ரான்கள் நிறைந்த ஊடகத்தில் ஒளிவிலகல் எண் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்தக் குறைவு எலக்ட்ரான் அடர்த்தியை 40.3 ஆல் பெருக்கி, அதிர்வெண்ணின் இருமடியால் வகுத்தால் கிடைக்கும் எண். இதன் விளைவாக அலையின் கட்டம் முந்துகிறது, ஆனால் துடிப்பு அதே அளவு பிந்துகிறது. இந்த எதிரெதிர்ப் போக்கு பின்னால் ஒரு சோதனையாகப் பயன்படும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக் கோட்டில் ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையே மொத்த எலக்ட்ரான் அளவு எனப்படுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 10,000 லட்சம் கோடி எலக்ட்ரான்கள், அதாவது ஒன்றுக்குப் பின் 16 பூச்சியங்கள், ஒரு டெக் அலகு ஆகும்.

எண்களைப் பொருத்திப் பார்த்தால் எந்த ரேடாரைத் தேர்வது என்பது தானாகவே தெளிவாகிவிடும். ஒரு டெக் அலகு மாற்றம், 1.27 கிகாஹெர்ட்ஸ் எல் பட்டையில் ஒருவழிப் பாதையை 25 சென்டிமீட்டர் மாற்றுகிறது. அலைநீளமே 23.6 சென்டிமீட்டர்தான் என்பதால், போக வரச் சேர்த்து இரண்டு முழுச் சுற்றுக்கும் சற்று அதிகமான கட்ட மாற்றம் உண்டாகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் 5.405 கிகாஹெர்ட்ஸ் சி பட்டையில் அதே மாற்றம் ஒருவழியில் 1.4 சென்டிமீட்டர், போக வரச் சேர்த்து அரைச் சுற்று மட்டுமே. ஆகவே அயனிமண்டலத்தைப் படிக்க விரும்புபவருக்கு எல் பட்டையே முதல் தேர்வு. சி பட்டையிலும் விளைவு தெரியும், ஆனால் அதைக் கொண்டு இந்த வேலையைக் கற்கத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 1: செயற்கைக்கோளையும் நேரத்தையும் சேர்த்துத் தேர்வு செய்தல்

பலர் இடத்தை முதலில் தேர்ந்து, பிறகு கிடைத்த படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அயனிமண்டல ஆய்வில் அது தலைகீழான வழி. இங்கே உள்ளூர் நேரமே முதல் கேள்வி. பகலில் சூரியன் எலக்ட்ரான்களை உருவாக்குகிறது, இரவில் அவை அயனிகளோடு மீண்டும் சேர்ந்து குறைகின்றன, விடியலுக்குச் சற்று முன் அளவு மிகக் குறைவாக இருக்கிறது. காந்த நிலநடுக்கோட்டின் அருகே மட்டும் மாலையில் சூரியன் மறைந்த பிறகு ஒரு தனி நிகழ்வு உண்டு: மேலே தூக்கப்பட்ட அயனிமண்டலத்தின் அடிப்பகுதி நிலைகுலைந்து, அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகள் மேலெழுகின்றன.

2006 முதல் 2011 வரை இயங்கிய ஆலோஸ், வடக்கு நோக்கிச் செல்லும்போது உள்ளூர் நேரம் இரவு 10.30 மணியளவில் கடந்தது. குமிழிகளைத் தேடுபவருக்கு அதுவே பொருத்தமான நேரம். ஆனால் அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி சூரியச் செயல்பாடு மிகக் குறைந்திருந்த காலம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2014 மே மாதம் ஏவப்பட்ட ஆலோஸ்-2 நண்பகலிலும் நள்ளிரவிலும் கடக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா–இஸ்ரோ கூட்டுத் திட்டமான நிசார், 747 கிலோமீட்டர் உயரத்தில் காலை 6, மாலை 6 மணிப் பாதையில் சுற்றி, 12 நாட்களுக்கு ஒருமுறை அதே தடத்திற்குத் திரும்புகிறது. குமிழிகள் பெரும்பாலும் அதன் மாலைக் கடப்புக்குப் பிறகே வளர்வதால், நிசாரிடம் எதிர்பார்க்க வேண்டியது குமிழிகளை விடவும், பகலில் உருவான அடர்த்தி வேறுபாடுகள் மாலை வரை நீடிக்கும் காட்சியைத்தான்.

ஆலோஸ் தரவும் நிசார் தரவும் அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் வழியாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இறக்கும்போது கட்டத் தகவல் அழியாத ஒற்றைப் பார்வைச் சிக்கலெண் படத்தையே எடுங்கள். வெறும் பிரகாசப் படம் இந்த வேலைக்குப் போதாது. ஆலோஸ் தரவில் 28 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமுள்ள ஒற்றைத் தளவிளைவுப் பதிவும் (அலை அதிரும் தளம் ஒன்றில் மட்டும் பதிவானது), 14 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இரட்டைத் தளவிளைவுப் பதிவும் உண்டு. முன்னதே நமக்கு வேண்டும், காரணம் படி 3 இல் வரும்.

படி 2: எந்த இரண்டு நாட்கள்?

குறுக்கீட்டுப் படம் தருவது ஒரு நாளின் அயனிமண்டலத்தை அல்ல, இரண்டு நாட்களுக்கு இடையிலான வேறுபாட்டை. இதை மறந்தவர்கள் முதல் நாளின் பள்ளத்தை இரண்டாம் நாளின் மேடாகப் படித்துவிடுவார்கள். எனவே அமைதியான ஒரு நாளை அடிப்படை நாளாக வையுங்கள். புவிக்காந்தக் குறியீடுகளான கேபி, டிஎஸ்டி இரண்டையும் பார்த்து, முந்தைய இரண்டு நாட்களும் அமைதியாக இருந்தனவா என்று உறுதிசெய்யுங்கள். 2024 மே 10 அன்று ஜி5 என்ற உச்சத் தரத்தை எட்டியதைப் போன்ற ஒரு புயலின் விளைவு அது ஓய்ந்த மறுநாளும் நீடிக்கக்கூடும்.

ஒரே இணையோடு நிற்காமல், ஒரு தடத்தின் ஏழெட்டுத் தேதிகளை எடுத்துப் பல இணைகளாகக் கோத்தால், குறைந்த இருமடி முறையில், அடிப்படை நாளோடு ஒப்பிட்டு ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிப் படத்தை மீட்கலாம். ஏதாவது மூன்று தேதிகளை எடுத்து, முதல்–இரண்டு, இரண்டு–மூன்று ஆகிய இணைகளின் அயனிமண்டலக் கட்டத்தைக் கூட்டினால் முதல்–மூன்று இணையின் கட்டம் வர வேண்டும். வராவிட்டால் கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது.

படி 3: பட்டையைப் பிரித்தல், இந்த வேலையின் இதயம்

குறுக்கீட்டுக் கட்டத்தில் நிலத்தின் மேடுபள்ளம், நில நகர்வு, கீழ்வளிமண்டல ஈரப்பதம், அயனிமண்டலம் ஆகிய நான்கும் கலந்திருக்கின்றன. முதல் மூன்றும் அதிர்வெண் கூடக்கூட நேர் விகிதத்தில் கூடும். அயனிமண்டலப் பங்கு மட்டும் அதிர்வெண் கூடக்கூடக் குறையும். ஆக, ஒரே படத்தைச் சற்றே வேறுபட்ட இரண்டு அதிர்வெண்களில் பார்க்க முடிந்தால், நான்காவதைத் தனியே பிரித்துவிடலாம். ரேடார் துடிப்பு ஒரு பட்டை அகலம் கொண்டது என்பதால் அந்த இரண்டு அதிர்வெண்களும் தரவுக்குள்ளேயே இருக்கின்றன.

செய்முறை இது. இரண்டு தேதிப் படங்களையும் முதலில் துல்லியமாகப் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பார்க்கும் திசையில் ஃபூரியர் மாற்றம் செய்து, நிறமாலையின் கீழ் மூன்றில் ஒரு பங்கையும் மேல் மூன்றில் ஒரு பங்கையும் தனித்தனியாக எடுத்து, நடுப்பங்கை விட்டுவிடுங்கள். கீழ்த் துணைப்பட்டைப் படங்கள் இரண்டிலிருந்து ஒரு குறுக்கீட்டுப் படமும், மேல் துணைப்பட்டைப் படங்கள் இரண்டிலிருந்து மற்றொன்றும் உருவாக்குங்கள். மேடுபள்ளத்தின் பங்கை நில உயர மாதிரியைக் கொண்டு கழிக்கும்போது, அந்தந்தத் துணைப்பட்டையின் மைய அதிர்வெண்ணையே பயன்படுத்துங்கள். முழுப் பட்டையின் அலைநீளத்தை இரண்டிற்கும் இட்டால், மலைகள் அயனிமண்டலமாக மாறி வந்து நிற்கும். இந்தத் தவறு எளிதில் நேர்வது, கண்டுபிடிக்கக் கடினமானது. இறுதிப் படத்தில் மலைத்தொடரின் வடிவம் தெரிந்தால் முதலில் இங்கே சந்தேகப்படுங்கள்.

கட்டத்தை விரித்த பிறகு, அதாவது ஒரு சுற்றுக்குள் மடங்கிக் கிடக்கும் கட்டத்தோடு விடுபட்ட முழுச் சுற்றுகளைச் சேர்த்த பிறகு, இரண்டையும் இவ்வாறு சேர்க்க வேண்டும். கீழ்க் கட்டத்தை மேல் அதிர்வெண்ணாலும், மேல் கட்டத்தைக் கீழ் அதிர்வெண்ணாலும் பெருக்கி, முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். வந்த விடையை இரண்டு அதிர்வெண்களின் பெருக்கற்பலனால் பெருக்குங்கள். பிறகு, மைய அதிர்வெண்ணையும் இரண்டு அதிர்வெண்களின் இருமடிகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் பெருக்கிக் கிடைக்கும் எண்ணால் வகுங்கள். இதுவே மைய அதிர்வெண்ணில் அயனிமண்டலக் கட்டம்.

இந்தச் சூத்திரத்தின் விலை இரைச்சல். 28 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இரண்டு மையங்களும் ஏறத்தாழ 18.7 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே விலகி இருப்பதால், துணைப்பட்டைகளின் இரைச்சல் விடையில் சுமார் 48 மடங்காகப் பெருகுகிறது. 14 மெகாஹெர்ட்ஸ் என்றால் அது இருமடங்காகும். நிசார் வடிவமைப்பாளர்கள் இதை முன்கூட்டியே கருதி, முதன்மைப் பட்டையிலிருந்து தள்ளி 5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சிறு பட்டையையும் ஒலிபரப்பும் முறையை வைத்திருக்கிறார்கள். விலகல் கூடினால் இரைச்சல் குறையும் என்பதே அதன் காரணம்.

படி 4: சமனாக்கல்

இரைச்சலைக் குறைக்க அருகருகே உள்ள மதிப்புகளைச் சராசரி எடுக்கத்தான் வேண்டும். எவ்வளவு எடுப்பது? ஆலோஸின் 28 மெகாஹெர்ட்ஸ் பதிவில் ஓரியல்பு, அதாவது இரண்டு படங்களும் 0 முதல் 1 வரையான அளவில் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது, 0.6 என்று கொள்வோம். விடையின் பிழை 0.5 ரேடியனுக்குள், அதாவது சுமார் 0.04 டெக் அலகுக்குள் இருக்க வேண்டுமானால், தனித்தனியான 8,000 மதிப்புகளுக்கு மேல் சராசரி எடுக்க வேண்டும். நிலத்தில் இது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் பெட்டி. ஓரியல்பு 0.3 ஆகக் குறைந்தால் பெட்டியின் பரப்பு கிட்டத்தட்ட 6 மடங்காக வேண்டும். எல்லா இடத்திற்கும் ஒரே அளவுப் பெட்டியை வைக்காமல், ஓரியல்பை எடையாகக் கொண்ட காஸ் வடிப்பானைப் பயன்படுத்துவது நல்லது. நீர்நிலைகளை முதலிலேயே மறைத்துவிட்டு, வடிகட்டிய மதிப்பைக் கொண்டு அந்த ஓட்டைகளை நிரப்பி, மீண்டும் வடிகட்டுங்கள். கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் உருவான இஸ்கே என்னும் திறந்தமூல மென்பொருள் படி 3, படி 4 இரண்டையும் செய்து தரும். ஆனால் அதன் முன்னிருப்பு வடிப்பான் அளவை அப்படியே ஏற்காதீர்கள். உங்கள் நிலத்தின் ஓரியல்பு உங்களுக்குத்தான் தெரியும்.

படி 5: கட்ட விரிப்புப் பிழைகளைத் தேடுதல்

படத்தில் கூர்மையான விளிம்புடைய படிக்கட்டு தெரிந்தால் அது இயற்கை அல்ல. இரண்டு துணைப்பட்டைகளிலும் ஒரே இடத்தில் ஒரு முழுச் சுற்றுத் தவறியிருந்தால், விடையில் அரைச் சுற்று, அதாவது 0.24 டெக் அலகு அளவுள்ள போலிப் படி தோன்றும். ஒரு துணைப்பட்டையில் மட்டும் தவறியிருந்தால் பிழை சுமார் 16 டெக் அலகுகளாக வெடித்துவிடும். இரண்டாவது வகை கண்ணுக்கு உடனே தெரியும், ஆபத்தில்லை. முதல் வகைதான் உண்மையான அயனிமண்டல அமைப்பைப் போலவே நடித்து ஏமாற்றும். ஆகவே இரண்டு விரித்த கட்டங்களின் வேறுபாட்டைத் தனிப் படமாக வரைந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆறு, மலைமுகடு போன்ற ஓரியல்பு அறுந்த கோடுகளை ஒட்டிப் படி தெரிகிறதா என்றும் பாருங்கள்.

படி 6: வேறு வழிகளால் சரிபார்த்தல்

பட்டைப் பிரிப்பைச் சாராத மூன்று வழிகள் உண்டு, மூன்றும் ரேடார் தரவிலிருந்தே கிடைப்பவை.

முதலாவது, முன்பு சொன்ன எதிரெதிர்ப் போக்கு. அயனிமண்டலத்தால் கட்டம் ஒரு திசையில் நகர்ந்த இடத்தில், படத்தின் பிம்பம் பார்க்கும் திசையில் எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கும். நகர்வு சிறியது என்பதால் அளவை விட அடையாளத்தைச் சரிபார்க்கவே இது உதவும்.

இரண்டாவது, பறக்கும் திசையில் பிம்ப நகர்வு. செயற்கைக்கோள் ஒரு நிலப்புள்ளியைப் பல கிலோமீட்டர் பறக்கும் நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் எலக்ட்ரான் அளவு சீராகக் கூடினால், கட்டச் சரிவு உண்டாகிப் புள்ளி படத்தில் முன்னோ பின்னோ தள்ளிப் பதிவாகிறது. இந்த நகர்வு எலக்ட்ரான் அளவின் சரிவுக்கு நேர் விகிதம். 2000 ஆம் ஆண்டிலேயே லாரன்ஸ் கிரே குழுவினர் துருவப் பகுதி ரேடார் படங்களில் கண்ட வரிவரியான நகர்வுகளுக்கு இதையே விளக்கமாகத் தந்தார்கள். நிலநடுக்கமோ பனியாறோ இருக்கும் இடத்தில் உண்மையான நகர்வும் கலந்துவிடும், அங்கே இதை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, ஃபாரடே சுழற்சி. புவிக்காந்தப் புலம் பார்வைக் கோட்டின் வழியே இருக்கும்போது, அலையின் தளவிளைவுத் தளம் எலக்ட்ரான் அளவுக்கேற்பச் சுழலும். நான்கு தளவிளைவுகளையும் பதிவு செய்த படத்தில் இந்தக் கோணத்தைப் புள்ளிக்குப் புள்ளி அளக்கலாம். பார்வைக் கோட்டில் 30,000 நானோடெஸ்லா புலமும் 50 டெக் அலகும் இருந்தால், எல் பட்டையில் ஒருவழிச் சுழற்சி 12 முதல் 13 டிகிரி வரும். இதன் பெருஞ்சிறப்பு, ஒரே படம் போதும், வேறுபாடாக இல்லாமல் அந்த நாளின் முழு அளவே கிடைக்கும் என்பது. ஆனால் காந்த நிலநடுக்கோட்டின் அருகே புலம் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்க, ரேடார் கிழக்கையோ மேற்கையோ நோக்கிப் பார்ப்பதால், பார்வைக் கோட்டில் புலத்தின் கூறு ஏறத்தாழ பூச்சியமாகிறது. அயனிமண்டலம் மிகக் கொந்தளிப்பாக இருக்கும் அந்தப் பகுதியிலேயே இந்த முறை குருடாகிவிடுகிறது.

படி 7: படத்தைச் சரியான இடத்தில் வைத்தல்

குறுக்கீட்டுப் படத்தின் ஆயத்தொலைகள் மண்ணுக்கு உரியவை, அயனிமண்டலத்திற்கு உரியவை அல்ல. பார்வைக் கோடு சாய்ந்திருப்பதால், 35 டிகிரி சாய்வில் 350 கிலோமீட்டர் உயரத்து அமைப்பு, நிலப்புள்ளியிலிருந்து செயற்கைக்கோளின் பக்கமாகச் சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தஞ்சாவூரின் மேல் இருப்பதாக வரைபடத்தில் தெரியும் ஒன்று, உண்மையில் வங்கக் கடலின் மேலோ கேரள எல்லைக்கு மேலோ இருக்கலாம். கதிர்கள் செயற்கைக்கோளை நோக்கிக் குவிவதால் அகலமும் சுருங்குகிறது: நிசாரின் 240 கிலோமீட்டர் நிலப்பட்டை அந்த உயரத்தில் ஏறத்தாழ பாதியே.

உயரத்தை எப்படி அறிவது? அதை ஒரு கருதுகோளாக வைத்துத் தொடங்கலாம். அமைப்பு கூர்மையாக இருந்தால், செயற்கைத் துளையை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து இரண்டு படங்கள் உருவாக்குங்கள். நிலம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்க, மேலே உள்ள அமைப்பு மட்டும் இடம் மாறித் தெரியும். இரண்டு கண்களால் ஆழம் அறிவதைப் போல, அந்த மாற்றத்திலிருந்து உயரத்தைக் கணிக்கலாம். பறக்கும் திசையில் நுணுக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு என்பதும் இங்கேயே விளங்கும். எல் பட்டையின் செயற்கைத் துளை 20 கிலோமீட்டரை ஒட்டியது, அயனிமண்டல உயரத்தில் அது 10 கிலோமீட்டர். துளையைப் பிரிக்காதவரை, அதைவிடச் சிறிய அமைப்புகள் அந்தத் திசையில் மழுங்கியே தெரியும்.

படி 8: பார்த்ததைப் பொருள்கொள்ளுதல்

பட்டையைப் பிரிக்கும் முன் படம் முழுவதும் ஒரே சீரான சரிவு இருந்தால் முதலில் சுற்றுப்பாதைப் பிழையைச் சந்தேகியுங்கள். ஆனால் பட்டைப் பிரிப்பில் வந்த சரிவு சுற்றுப்பாதைப் பிழையாக இருக்க முடியாது, அந்தப் பிழையும் நிலத்தின் பங்கைப் போல அதிர்வெண்ணோடு நேர் விகிதத்தில் கூடுவதால் பிரிப்பிலேயே நீங்கிவிடும். காந்த நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 15 டிகிரி வடக்கிலும் தெற்கிலும் எலக்ட்ரான் முகடுகள் உண்டு. நடுக்கோட்டில் மேலே தூக்கப்பட்ட பிளாஸ்மா காந்தக் கோடுகளின் வழியே வழிந்து இருபுறமும் சேர்வதால் இவை உருவாகின்றன. இந்தியாவின் தென்கோடி வழியே காந்த நிலநடுக்கோடு கடப்பதால், இங்கே தெற்கிலிருந்து வடக்காக எடுத்த நீண்ட தடத்தில் இந்த ஏற்றத்தை எதிர்பார்க்கலாம்.

மத்திய அட்சரேகைகளில் கோடைக்காலப் பகலில், 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டித் திட்டுத்திட்டாகத் தோன்றும் மெல்லிய அடுக்குகள் உண்டு. ஜப்பானில் ஃபுருயா, ஹெக்கி ஆகியோர் இருந்த குழு, ரேடார் குறுக்கீட்டுப் படத்தையும் சுமார் 1,300 நிலையங்கள் கொண்ட அந்நாட்டு ஜிபிஎஸ் வலையமைப்பையும் இணைத்து இந்தத் திட்டுகளைப் படமாக்கியது. ஜிபிஎஸ் திட்டின் நகர்வைக் காட்டியது, ரேடார் அதன் உள் வடிவத்தைக் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

காந்த நிலநடுக்கோட்டுப் பகுதியின் இரவுப் படங்களில், கட்டத்தைப் பார்க்கும் முன்பே பிரகாசப் படத்தில் சில நூறு மீட்டர் இடைவெளியில் இணையான வரிகள் தெரியக்கூடும். குமிழிகளுக்குள் இருக்கும் நுண்ணிய ஒழுங்கின்மைகள் காந்தக் கோட்டின் வழியே நீண்டிருப்பதால் வரிகளும் அந்தத் திசையிலேயே அமைகின்றன. செயற்கைக்கோளின் பாதை காந்தக் கோட்டுக்கு இணையாக இருந்தால்தான் அவை தெளிவாகத் தெரியும். பிரேசிலில் காந்த வடக்கு ஏறத்தாழ 20 டிகிரி மேற்காகச் சாய்ந்திருப்பதால், வடக்கு நோக்கி ஏறும்போது 12 டிகிரி மேற்காகச் சாயும் பாதையோடு ஓரளவு பொருந்துகிறது. அமேசான் காடுகளின் மேல் எடுத்த ஆலோஸ் படங்களில் இந்த வரிகள் பெயர்பெற்றது இதனால்தான். தமிழ்நாட்டில் காந்த வடக்கு புவியியல் வடக்குக்கு மிக அருகே இருப்பதால் பொருத்தம் முழுமையானதல்ல. ஆகவே வரிகள் தெரியவில்லை என்பதைக் கொண்டே குமிழி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

படி 9: வெளியிலிருந்து அளவுகோல் வாங்குதல்

பட்டைப் பிரிப்பு தருவது ஒப்பீட்டு மதிப்பு. படம் முழுவதற்கும் பொதுவான ஒரு மாறிலி அறியப்படாமல் இருக்கும். ஜிபிஎஸ் போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்களுக்கான பன்னாட்டு ஜிஎன்எஸ்எஸ் சேவை வெளியிடும் வரைபடங்கள் அட்சத்தில் 2.5 டிகிரி, தீர்க்கத்தில் 5 டிகிரி இடைவெளி கொண்டவை. ஒரு ரேடார் படத்திற்கு அவை மிகக் கரடுமுரடானவை என்றாலும் மாறிலியை நிர்ணயிக்கப் போதும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே இருப்பதால் அவற்றின் அளவில் ரேடாருக்கு மேலே உள்ள எலக்ட்ரான்களும் அடங்கும். இரண்டையும் நேரடியாகச் சமன் செய்தால் ரேடார் மதிப்பு எப்போதும் குறைவாகவே தெரியும்.

தென்னிந்தியாவில் பணிபுரிபவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் நடத்தும் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகமும், திருப்பதி அருகே கடங்கியில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் தரை ரேடாரும் இதே வானத்தைக் கீழிருந்து பார்க்கின்றன. செயற்கைக்கோள் படம் வெறும் பத்து வினாடிகளில் எடுத்த உறைந்த காட்சி. அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைத் தரைக்கருவிதான் சொல்லும். எனவே ஒப்பிடும்போது கடப்பு நேரத்தை வினாடி வரை குறித்துக்கொள்ளுங்கள். முடிவுகளைச் சேமிக்கும்போதும் இரண்டு தேதிகள், எதிலிருந்து எதைக் கழித்தீர்கள், பார்க்கும் திசை, வடிப்பானின் அளவு, கருதிய உயரம் ஆகிய ஐந்தையும் படத்தோடு சேர்த்தே எழுதி வையுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும், அந்தப் படத்தை இன்னொருவர் வேறு கருவியோடு ஒப்பிட இயலாது.